“ஆஷ்சி” என்று வந்த செய்தி

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். மலை மலையாகச் செத்த மீனையும் இறாலையும் அடுக்கி எடுக்கிறவனுக்கு, செத்தது திரும்பாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாவதோடு படிப்பு நின்றவன் நான். நாலு பேர் நடுவில் வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காக ஹவுராவுக்கு வந்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். வேலை, இறால் வைக்கிற குளிர்கிடங்கில். உள்ளே மூச்சு விட்டால் மீசையில் பனி பிடிக்கும். என்னோடு அதே வேலையில் இருந்தவர் நிமாய்தா. வங்காளி. பெயர் நிமாய், என்னைவிடப் பெரியவர் என்பதால் அண்ணன் என்கிற ‘தா’வைச் சேர்த்துக் கூப்பிடுவேன். சண்முகம் என்ற என் பெயரை ‘ஷொன்மு’ என்று சுருக்கிவிட்டார். நான் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

ஒருமுறை வேறொரு கிடங்கில் ஒரு ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப்போனான் என்று செய்தி வந்ததும், எங்கள் முதலாளி பயந்துபோய் ஒரு ஏற்பாடு செய்தார். கல்கத்தா சால்ட் லேக்கில் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு வந்தாள். பெயர் அபிராமி, விருதுநகர்ப் பக்கம். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். தெர்மோகோல் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

“ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு தபாலாபீஸ் இருக்குன்னு நெனச்சுக்கோங்கண்ணே. இடுப்புல கட்டுற இந்தப் பொட்டி அதுகூட எப்பவும் பேசிக்கிட்டே இருக்கும். ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு. வர்ற தபாலையெல்லாம் அது வரிசையா வாங்கி ஆபீஸ்ல இருக்கிற திரைக்கு அனுப்பும். மொதல்ல பொட்டிக்கு ஒரு பேரு வைக்கணும். ஒரு பேர்ல ஒருத்தர்தான். எத்தனை நேரத்துக்கு ஒருதடவை ‘இருக்கேன்’னு சொல்லணும்னும் போடணும். அப்புறம் ஒரு கடைசி வார்த்தை.”

அந்தக் கடைசி வார்த்தைதான் விஷயம். குளிரறைக்குள் போகும்போது பொத்தானை அழுத்தினால் பெட்டி ‘கீச்’ என்று ஒரு சத்தம் போட்டுத் தபாலாபீசோடு சேர்ந்துகொள்ளும். சேரும்போதே அந்தக் கடைசி வார்த்தையையும் அங்கே ஒப்படைத்துவிடும். வெளியே வந்து பொத்தானை அழுத்தி முறையாக விடைபெற்றால் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். விடைபெறாமல் பாதியில் அறுந்துபோனால்தான் அது நம் பெயரில் திரையில் வரும்.

“இங்கிலீஷ்ல இதுக்கு உயில்னே பேருண்ணே” என்றாள்.

நான் இதை நிமாய்தாவுக்கு வங்காளத்தில் சொன்னேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “உயிலா? எழுதிவைக்க என்னிடம் என்ன இருக்கு, ஒரு பீடிக்கட்டும் பெண்டாட்டி திட்டும்தான். ‘ஆஷ்சி’ என்று போடச் சொல்லு.”

ஆஷ்சி என்றால் ‘வரேன்’. நாம் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லமாட்டோம் அல்லவா, வங்காளிகளும் அப்படித்தான். போகிறவன் ‘ஆஷ்சி’ என்பான்.

“போகிறபோது வேறென்ன சொல்வான் மனுஷன்?” என்றார் நிமாய்தா.

அபிராமியும் சிரித்துக்கொண்டே வங்காள எழுத்தில் அதையே அடித்துவிட்டாள். என்னிடம் கேட்டபோது எனக்குக் கூச்சம். “நீயே ஏதாச்சும் போடும்மா” என்றேன். ‘ஆபத்து’ என்று போட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய சமயம், எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. அன்றைக்கு நிமாய்தா பின்பக்கக் குளிரறையில் தனியாக இருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். விழுந்த வேகத்தில் இடுப்புப் பெட்டி இரும்புச் சட்டத்தில் மோதி உடைந்துவிட்டது. திரையில் உடனே செய்தி வந்தது. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. நிமாய்: ஆஷ்சி.

ஆபீசில் கணக்கு பார்க்கிற ஷிபுபாபு அதைப் படித்தார். “நிமாய் வரானாம். அவனுக்கும் ஒரு டீ ஊற்று” என்று டீக்காரரிடம் சொன்னார். டீ ஆறி ஏடு படிந்த பிறகுதான் போய்ப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். ஷிபுபாபுவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘வரேன்’ என்று ஒருவர் சொன்னால் யாராக இருந்தாலும் உட்கார்ந்துதானே இருப்போம்?

அபிராமி அழுதுகொண்டே வந்து நிமாய்தாவின் பெயரை அழித்தாள். உடைந்த பெட்டியை எடுத்துப்போனாள். இனி எல்லோருக்கும் ‘ஆபத்து’ என்ற ஒரே வார்த்தைதான் என்று மாற்றிவைத்தாள். ஷிபுபாபு அதற்கப்புறம் ஆபீசைவிட்டுக் கிளம்பும்போது ‘ஆஷ்சி’ சொல்வதில்லை. ‘போறேன்’ என்றே சொல்வார். கேட்கிறவர்களுக்கு உடம்பு கூசும்.

இனிமேல் சொல்லப்போவதை நம்பினால் நம்புங்கள். துர்கா பூஜை தொடங்குகிற நாள், நல்ல பகல். எங்கள் கிடங்கு இருக்கிற சந்து முனையில் பந்தல் போட்டு மைக் அலறுகிறது, டாக் மேளம் வேறு. என் பெட்டியில் சார்ஜ் இறங்கிவிட்டது என்று ஆபீஸ் மேசையில் செருகிவைத்தேன். விடைபெறும் பொத்தானை அழுத்தவில்லை. பின்பக்க அறையில் ஒரே ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கையுறைகூட இல்லாமல் போனேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கிற குமிழ் பனியில் இறுகிப்போயிருந்தது. தள்ளினேன், உதைத்தேன், அசையவில்லை.

சொன்னால் வெட்கம், முதலில் கத்துவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கத்தினேன். இரும்புக் கொக்கியால் கதவை அடித்தேன். வெளியே மேளத்தில் எதுவும் கேட்டிருக்காது. அப்போதுதான் உறைத்தது, என் பெட்டி ஆபீசில் உட்கார்ந்துகொண்டு ‘சண்முகம் இருக்கிறான், சண்முகம் இருக்கிறான்’ என்று என் பெயரில் சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் என் பெயர் பச்சையாக இருக்கும். யார் தேடப்போகிறார்கள்?

விரல் மரத்துப்போனது. நடுக்கம் வந்தது, பிறகு நடுக்கமும் நின்றுபோய் தூக்கம் மாதிரி வந்தது. அது நல்லதில்லை என்று தெரியும், ஆனால் எழ முடியவில்லை. என் மனைவி செல்வியை நினைத்தேன். புடவை எடுக்கக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அப்போது எனக்கு மிக அருகில் ‘கீச்’ என்று கேட்டது.

என் பெட்டிதான் என்று இடுப்பைத் தடவினேன். பெட்டி இல்லை. கொஞ்ச நேரத்தில் கதவோரத்தில் தொங்குகிற பிளாஸ்டிக் திரைப்பட்டைகள் நடுவில் விலகி, ஆடி நின்றன. ஒரு ஆள் தோளால் தள்ளிக்கொண்டு போனால் எப்படி விலகுமோ அப்படி. காற்று வருவதற்கு அங்கே வழியே இல்லை.

அதற்குப்பின் கதவு திறந்தது. ஷிபுபாபு மூச்சிரைக்க நின்றார். கீழே கிடந்த என்னைத் தாண்டி அறையின் மூலைவரை பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “நிமாய் எங்கே?”

திரையில் வந்திருந்தது. நிமாய்: ஆஷ்சி. நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை உட்கார்ந்திருக்க முடியவில்லை, நிமாய் விழுந்த அறைக்கே ஓடிவந்தேன் என்றார். எனக்கு இரண்டு விரல் நுனிகள் போனதோடு சரி.

பூஜை முடிந்ததும் அபிராமி வந்து எல்லாவற்றையும் துருவிப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“அந்தப் பேரை நான்தான்ணே அழிச்சேன். பொட்டி என் டிராயர்ல கெடக்கு. பேட்டரிகூடக் கெடையாது.”

“பழைய சேதி எங்கயாச்சும் தேங்கிக் கெடந்து இப்ப வந்திருக்குமோம்மா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். இல்லண்ணே. இது அன்னைக்கு மத்தியானம் புதுசா வந்தது.” திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். “இன்னொண்ணு. உயில் தானா வராது. மொதல்ல அந்தப் பேர்ல ஒருத்தர் வந்து சேர்ந்திருக்கணும். சேர்ந்து, விடைபெறாம அறுந்தாத்தான் வரும்.”

நான் கேட்ட ‘கீச்’ சத்தத்தை அவளிடம் சொல்லவில்லை. சின்னப் பெண், ராத்திரி தூங்கவேண்டும்.

ஆனால் அன்றிலிருந்து என்னை அரிப்பது இதுதான். அந்தச் செய்தி வெளியே போவதற்கு வேறு வழியே இல்லை. அவர் வந்து சேர்ந்து, மறுபடியும் ஒருமுறை பாதியில் அறுபட்டிருக்கவேண்டும். முதல் தடவை பட்டது போதாதென்று, எனக்காக.

செல்வி தினமும் வாசலில் நின்று திட்டுகிறாள். “வரேன்னு சொல்லிட்டுப் போனா என்னவாம்? வாயில கொழுக்கட்டையா?”

நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படி இறங்குகிறேன். அவளிடம் எப்படிச் சொல்வது? வரேன் என்று இரண்டு தடவை சொன்ன மனிதர் இன்னும் வரவில்லை. பின்பக்க அறை வாசலில் நின்று என் பெட்டியை அழுத்துகிறேன். அது ‘கீச்’ என்கிறது. உள்ளேயிருந்து இன்னொன்று கேட்கிறதா என்று கதவைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் கால் எடுத்து வைக்கிறேன்.