மாஸ்டரும் குளிர்கடலும்

பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் பிடித்து, ஃப்ரீசரில் இருந்த ஐஸ் கட்டிகளை எல்லாம் அதில் கொட்டி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்துவிட்டு, மாஸ்டர் முகத்தை உள்ளே முக்குகிறார். பக்கத்தில் டீ போடும் மனைவி, கரண்டியால் தொட்டியின் விளிம்பைத் தட்டுவாள். உயிரோடுதான் இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக அவர் கையை ஆட்டுவார்.

“இருக்கிற ஐஸை எல்லாம் நீங்களே மூஞ்சியில போட்டுக்கிட்டா, யாராவது வந்தா ஜூஸுக்கு நான் எங்க போறது?”

“மூஞ்சி பழகிட்டா மூச்சு பழகிரும்மா” என்பார், மோவாயில் நீர் சொட்டச் சொட்ட.

ஆயுளில் பாதியை வெதுவெதுப்பான கடலில், ஸ்கூபா சொல்லிக்கொடுத்தே கழித்தவர். அங்கே அவருக்கு ஓர் அரைக்கால் சட்டையும் முதுகில் ஒரு காற்றுச் சிலிண்டரும் போதும். படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்வார். வெளியூர் போய்த் திரும்பிய வீட்டுக்காரரைப் போலத் தண்ணீர் அவரை உள்ளே விட்டுக்கொள்ளும். நடுங்கும் புதுமண ஜோடிக்கும், தொப்பை வைத்த மேலாளருக்கும் ஒரே பாடம்தான்: “அவசரப்படாதீங்க. மூச்சு விடுங்க. கடல் எங்கயும் போயிராது.” மளிகைக்கடைக்காரர் முதல் மாமனார் வரை அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். பெயர் ரேஷன் கார்டோடு சரி.

மனைவி செவிலியர். இந்தக் குளிர் ஊரின் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல வேலை கிடைத்தது. மாஸ்டர் பின்னாலேயே வந்தார். பொது நீச்சல் குளத்தில் வடிகட்டி கழுவும் வேலை அவருக்கு. வீட்டு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும், விளக்காத அலுமினியச் சட்டி நிறத்தில்.

தெருமுனை பேக்கரிக்காரர் விடுமுறையில் இந்தக் கடலில் முங்குகிறவர். “குளத்துல நாலு நாள் பழகிட்டு இறங்கலாம் மாஸ்டர். இது வேற தண்ணி” என்றார்.

“தண்ணியில என்ன சார் வேற தண்ணி?” என்று மாஸ்டர் சிரித்தார். வாடகைக்கு ஒரு தடித்த ரப்பர் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு அன்றைக்கே அவரோடு கடலில் இறங்கினார்.

பிடரி வழியாக உள்ளே புகுந்த குளிர், முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டே இறங்கியது. நெற்றியில் ஆணி அடித்த மாதிரி வலி. தலையுறை தாடையை நெரித்தது. தடித்த கையுறைக்குள் விரல்கள் யாருடையவோ ஆகிவிட்டன. மூச்சு துண்டு துண்டாக வந்தது. பதறிப் பதறி இழுத்ததில் மூச்சுக் கருவி உறைந்து, மூட மறுத்து, காற்றைக் குபுகுபுவென்று வெளியே கொட்டியது. பேக்கரிக்காரர்தான் தோளைப் பிடித்து நிறுத்தி, தன் சிலிண்டரின் உபரிக் குழாயை அவர் வாயில் திணித்து, மெதுவாக மேலே கூட்டிவந்தார். எத்தனையோ பேருக்கு மாஸ்டர் செய்த உதவி அது.

காரில் ஹீட்டர் முன்னால் கையை நீட்டியபடியே வீடு வந்து சேர்ந்தார். உபகரணங்கள் பரணுக்குப் போயின. ஜன்னல் திரை இழுத்து மூடப்பட்டது. சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாத மனிதராகிவிட்டார்.

மனைவி கொஞ்ச நாள் விட்டுப்பிடித்தாள். ஒருநாள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

“இங்க வந்த புதுசுல எனக்கு ஒரு ஊசி போடக்கூடக் கை வரல. எல்லாம் புது மிஷின். பாத்ரூம்ல போய் அழுதேன். அப்புறம் கூட வேலை பாக்கிற பொண்ணுகிட்ட, கொஞ்சம் சொல்லித் தாம்மான்னு கேட்டேன். நீங்க யாருகிட்ட கேட்டீங்க?”

“அழுதியா? எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே?”

“நீங்க எங்க கேட்டீங்க? ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

மறுநாள் காலை மாஸ்டர் பேக்கரி வரிசையில் நின்றார். முறை வந்ததும் ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டார். அப்படியும் நகரவில்லை. “சார், எனக்குச் சொல்லிக் குடுங்க” என்றார். பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார்.

வீட்டில் ஐஸ் தண்ணீரில் முகம் முக்கும் பயிற்சி; குளம் திறக்கும் முன்பே பாடம். தண்ணீர் உள்ளே புகாத, காற்றடைத்த உடை. உடையில் இருந்த காற்றெல்லாம் காலுக்கு ஓடியதில் மாஸ்டர் குப்புறக் கவிழ்ந்து, பாதங்கள் இரண்டும் மேலே மிதக்கத் தலைகீழாகத் தொங்கினார். பெஞ்சில் இருந்த மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மாஸ்டர், அவசரப்படாதீங்க! கடல் எங்கயும் போயிராது. முதல்ல தலை எங்க இருக்குன்னு பாருங்க!”

அந்த உடைக்கு ஜிப் முதுகில், தோளுக்குத் தோள் குறுக்காக ஓடுகிறது. மாட்டியவர் கைக்கு எட்டாது. முதலில் செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இப்போது அவள் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றுவிடுகிறார். அவள் ஜிப்பின் பல்வரிசையில் மெழுகைத் தேய்த்து, ஒரே சீராக இழுத்து மூடி, கழுத்து ரப்பரில் சிக்கிய முடியை விலக்கிவிடுகிறாள். “ம், போங்க.”

இந்தக் கடலில் கூட்டம் கூட்டமாக வண்ண மீன்கள் கிடையாது. பச்சை இருட்டு; டார்ச் வெளிச்சம் கை நீளத்துக்குத்தான். அதனால் மாஸ்டர் நின்று பார்க்கக் கற்றுக்கொண்டார். “பாறை மேல ஒரு பூச்சிம்மா. உன் சுண்டுவிரல் நகம் அளவு இருக்குமா? அதுக்குக் கொம்பு வேற!” என்று பக்கத்து வீட்டு வம்பு போல வந்து சொல்கிறார். “ஒரே பாறையை வாடகைக்கு எடுத்துட்டாரும்மா” என்று அவளிடம் அலுத்துக்கொள்கிறார் பேக்கரிக்காரர்.

போன ஞாயிற்றுக்கிழமை கரையேறும்போது வழுக்குப் பாறையில் கால் இடறி, மாஸ்டர் முட்டிபோட்டுவிட்டார். சிலிண்டரின் பாரமும், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயக் கட்டிகளும் எழவிடவில்லை. அலை வந்து வந்து தள்ளியது. பேக்கரிக்காரர் இன்னும் தொலைவில் நீந்தி வந்துகொண்டிருந்தார். கரையில் நின்ற மனைவி, பழைய கடலில் போட்டோவுக்குக்கூட ஈரமணலை மிதிக்காதவள், கையிலிருந்த ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு ஷூவோடு முழங்கால் தண்ணீருக்குள் நடந்துபோய் அவர் கையைப் பிடித்தாள்.

“ஐயையோ, நீ எதுக்கும்மா வந்தே?”

“பேசாதீங்க. எழுந்திரிங்க.” சொல்லும்போதே பல் கிட்டியது.

கார் டிக்கியின் விளிம்பில் அவளை உட்காரவைத்தார். பேக்கரிக்காரர் வந்து ஜிப்பைத் திறந்துவிட, உடையிலிருந்து நனையாமல் வெளியே வந்தார். அவள் ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார், தண்ணீர் கொட்டியது. வெளுத்துப்போன பாதங்களை உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். பிறகு தன் காலில் சூடாக இருந்த கம்பளி உறைகளை உருவி, ஒவ்வொன்றாக அவளுக்கு மாட்டினார். வெறுங்காலோடு, குளிர்ந்த கூழாங்கற்கள்மேல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி, அவள் கணுக்காலருகே உறையில் விழுந்திருந்த சுருக்கத்தை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தார்.