அலமாரியில் இருந்த மணம்

மழை விட்ட ஒரு காலை ரப்பர் பால் வெட்ட என் விளைக்குப் போனேன். சிதறால் பக்கம் சரிவில் இருக்கிறது விளை. பாறை வழுக்கிவிட்டது. பின்மண்டையில் அடி. குழித்துறையில் ஆஸ்பத்திரியில் கிடந்து தையல் போட்டு வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, மூக்கு போய்விட்டது. மூச்சு வரும், போகும். மணம் இல்லை. டாக்டரிடம் கேட்டேன். உள்ளே நரம்பு அறுந்திருக்கும், திரும்பி வந்தாலும் வரும் என்றார். வரவில்லை.

வேறு யாரிடமும் சொல்லவில்லை. கண் போச்சு, காது போச்சு என்றால் சொல்லலாம். இதை என்னவென்று சொல்ல?

மணம் என்று ஒன்று கூடவே நின்று இத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சோறு அடிப்பிடிக்கும், தெரியாது. பால் திரிந்திருக்கும், வாயில் வைத்தால்தான் தெரியும். மழை வந்து முதுகில் விழுந்த பிறகுதான் மழை. பக்கத்து வீட்டில் மீன் கொதித்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று முன்னே தெரியும். அவர்களிடம் அதிகம் பேசினதில்லை. ஆனாலும் அது ஒரு துணையாக இருந்திருக்கிறது. அது போனபோது மதில் இன்னும் உயர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

இதெல்லாம் போகட்டும். அலமாரிதான் கஷ்டம்.

என் வீட்டுக்காரி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, துபாயில் இருக்கிறாள். அலமாரியில் வீட்டுக்காரியின் சேலைகளை அப்படியே வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து திறப்பேன். தேங்காயெண்ணெய், பவுடர், மடிப்புகளுக்குள் அவள் வைத்த ராமச்சம் என்கிற வெட்டிவேர். கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு அடைப்பேன். வேறு ஒன்றுமில்லை.

அடிபட்ட பிறகும் திறந்தேன். துணி இருந்தது. அவள் இல்லை. மணம் போய்விட்டதா, என் மூக்குக்குத்தான் தெரியவில்லையா? அதை அறிய எனக்கு வழியில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் நினைப்பு.

மீன்காரி கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். வீட்டுக்காரி இருந்த காலத்திலிருந்தே வருகிறாள். ஒரு நாள் சட்டியில் கை விட்டு நாலு சாளை மீன் எடுத்தேன். அவள் என் கையைத் தட்டினாள்.

"அண்ணே, அது நேத்தைக்குள்ளதாக்கும். பூனைக்குண்ணு தனியா போட்டிருக்கேன். நாறுதது தெரியல்லியா?"

"தெரியல்ல."

"மூக்க எங்க அடகு வச்சிய?"

"விழுந்ததுல போச்சு."

சிரித்தவள் நிறுத்தினாள். "அடுப்பு காஸா, விறகா?"

"விறகு."

"அப்போ சாவமாட்டிய. சாளைய நான் எடுத்துத் தாறேன்."

அதற்குப் பிறகு அவள்தான் எடுத்துத் தந்தாள். ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் கேட்டேன். "ஒரு உபகாரம் செய்யணும்."

"வெலய மட்டும் கொறைக்கச் சொல்லாதிங்க. வேற என்னவும் சொல்லுங்க."

"அலமாரிய ஒண்ணு மணத்துப் பாக்கணும்."

என்னையே பார்த்தாள். "அக்காவுக்க சேலையா?"

"ஓ, அவளுக்குள்ளதுதான்."

சட்டியை இறக்கி வைத்தாள். கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். எலுமிச்சை இலையைக் கசக்கிக் கையில் தேய்த்தாள். "எனக்க மேலுள்ள மீன் வாடை எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் தெரியும்" என்றாள்.

நான் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தலையை உள்ளே நீட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ராமச்சம் உண்டு. எண்ண உண்டு. லேசா பவுடர்."

கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தேன். அவள் இன்னும் தலையை எடுக்கவில்லை.

"பிறவு?"

"ரப்பர் அண்ணே. ஷீட்டுப் புகை. எல்லாச் சேலையிலயும் உண்டு. அடியில இருக்க பட்டுலயும்."

அவ்வளவு நாள் திறந்தும் ரப்பர் எனக்கு மணத்ததில்லை. மணக்காது. அது என் மேலுள்ளது, பாலை ஷீட்டாக்கிப் புகையில் காயவைக்கிற வாடை. பால் வெட்டிவிட்டு வந்தால் சட்டையை வெளியே பலாமரத்தில் மாட்டச் சொல்லுவாள் வீட்டுக்காரி. அவளே ஆணி அடித்து வைத்திருந்தாள். பால் கறை பட்டுவிடும் என்று சொல்லுகிறாள் என்றிருந்தேன். நாற்றம் என்று ஒரு நாள் சொன்னதில்லை. கல்யாணப் பட்டுவரை ஏறியிருக்கிறது. அதைத்தான் உடுத்திக்கொண்டு கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய் வந்திருக்கிறாள்.

"அவளுக்க மணம் போயிருமா?" என்று கேட்டேன்.

"திறக்கத் திறக்கப் போவும். அடைச்சுப் போடுங்க."

அடைத்தேன். சட்டியைத் தலைக்குத் தூக்கிக் கொடுத்தேன். படலைத் தாண்டும்போது, "பலாவுல சக்க பழுத்துக் கிடக்கு அண்ணே, மணம் தூக்குது, காக்கா கொத்துமுன்ன வெட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் போனில் கூப்பிடுவாள். விளையை விற்றுவிட்டு இங்கே வாருங்கள் என்பாள். பார்ப்போம் என்பேன். அலமாரியைக் கொண்டுபோக முடியுமா என்று அவளிடம் எப்படிக் கேட்க?

ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு அலமாரிக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருக்கிறேன். திறப்பதில்லை.

வீட்டுக்காரி போன பிறகு வேலைச்சட்டையை உள்ளேயே மாட்டிப் பழகியிருந்தேன். இப்போது மறுபடி பலாமரத்தில். ஆணி துருப்பிடித்திருக்கிறது. உள்ளே கொண்டுவந்தாலும் சொல்ல ஆளில்லை. வெளியேதான் மாட்டுகிறேன்.