பேக்கரியில் ஒரு தவக்காலம்

பேக்கரி கவுண்டரில் நிற்பவள் குண்டாக இருந்தால், கடைப் பண்டத்தைத் தின்றே ஊதிவிட்டாள் என்பார்கள். ஒல்லியாக இருந்தால் பண்டமே சரியில்லை என்பார்கள். ராயபுரத்தில் நான் முதல் ரகம். எனக்கு சினைப்பை நீர்க்கட்டி. பீரியட்ஸ் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காது. "எடையைக் குறை, தானாக வருகிறதா பார்ப்போம். இல்லையென்றால் மாத்திரைதான்" என்றார் டாக்டரம்மா. தானாக வரவேண்டும், எனக்கு அவ்வளவுதான் ஆசை. என்னைப் போல நீர்க்கட்டியோடு மல்லுக்கட்டும் தோழிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சுண்டல்

காலையில் கவுண்டருக்குப் பின்னால் நின்று டப்பாவிலிருந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் முட்டை பப்ஸ் சூடாக அடுக்கியிருந்தது. டீ குடிக்க வந்த ஹார்பர் லோடுமேன் என்னையும் பப்ஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, இத்தினி கீது, நீ சுண்டல் துன்னுகினுகீறே? அப்போ இத நாங்க துன்லாமா, வேணாமா?"

முதல் துண்டு

கடையிலேயே கேக் வெட்டுகிறவர்கள் கவுண்டரில் நிற்பவளுக்கும் ஒரு துண்டு ஊட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருநாள் ஒரு அம்மாவிடம், "டயட்டுல இருக்கேன்க்கா" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கையை மட்டும் இறக்கவில்லை. வாங்கித் தின்றேன். அன்று முழுக்க என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

"எம்புள்ள பொறந்தநாளு, ஒரு வாய் துன்னா இன்னா கொறஞ்சா பூடுவே?"

சாம்பல் புதன்

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து, ஈஸ்டர் வரையிலான நாற்பது நாள் நோன்பின் தொடக்கமாக நெற்றியில் பூசிய சாம்பலோடு வேலைக்கு வந்தேன். யாரோ லட்டு நீட்டினார்கள். "தவக்காலம், இனிப்பு விட்டுட்டேன்" என்றேன். நீட்டிய கை சட்டென்று பின்வாங்கியது. டயட் என்றபோது கிடைக்காத மரியாதை! சாமி கேட்டால் விடுகிறார்கள், உடம்பு கேட்டால் விடமாட்டேன் என்கிறார்கள். நிம்மதியாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது.

எங்கள் கடையில் டீ போடும் செல்வி அக்கா எண்ணூர்க் குப்பத்துக்காரர், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். அவரே காவலுக்கு நின்றார்.

"அவ சாமிக்கு நோம்பு கீறா, எவனும் துன்ற பொருள அவளாண்ட நீட்டாதீங்க."

ஈஸ்டருக்கு மறுநாள்

நோன்பு முடிந்ததே என்று ஆளாளுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கேக், லட்டு, செல்வி அக்கா கையால் செய்த பிரியாணி. எல்லாம் அன்புதான், அதனால்தான் பயமாக இருந்தது. இனி சொல்லத் தவக்காலமும் கையில் இல்லை.

அக்காவை ஓரமாக அழைத்துப்போய் உள்ளதைச் சொன்னேன். நீர்க்கட்டி, நின்றுபோன பீரியட்ஸ், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மாத்திரை இல்லாமலே அது வந்தது, பாத்ரூமில் நின்று நான் அழுதது.  அக்கா பிரியாணி டப்பாவை மூடினார்.

"எனுக்கும் அதாண்டி, மாத்திரைலதான் ஓடிகினுகீது. நாளைக்கு சுண்டல் ரெண்டு பேருக்கா எட்தா."

இப்போது எங்கள் பேக்கரியில் டீ போடுகிறவரும் கேக் விற்கிறவளும் சுண்டல்தான் சாப்பிடுகிறோம், வாடிக்கையாளர்களும் அதையே கேட்க ஆரம்பித்துவிடுவார்களோ என்று முதலாளிக்குத்தான் கவலை.