ஏழாம் நம்பர் எங்கே போனது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: கம்ப்யூட்டரைப் பொருத்த மெட்ராஸிலிருந்து வந்திருந்த மேடம், சுரங்கத்தில் கரி ஏற்றிப்போகும் கன்வேயர் பெல்ட்டுகளைக் கவனிக்கும் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர், பிரிண்டருக்குப் பேப்பர் மாட்டித் தூசி துடைக்கும் கான்ட்ராக்ட் ஆளாகிய நான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த வேலைக்கு முன் மைன்ஸில் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். மெஷின் தேறாவிட்டால் அது மெட்ராஸுக்கும் நான் கரி வாரவும் திரும்பவேண்டியதுதான்.

ஆபரேட்டருக்கு அது தெரியும். "இது தேறாதுய்யா. அஞ்சு ரூபா பந்தயம். நீ மம்பட்டிய தொடச்சி வச்சிக்கோ" என்றார்.

எந்த பெல்ட் நின்றாலும் அதன் நம்பரை மெஷின் அச்சடிக்க வேண்டும். சோதனைக்காக, பெல்ட்டுகளுக்குப் பதில் மேசைமேல் ஒரு பலகை, அதில் வரிசையாகப் பொத்தான்கள்.

"அது எப்பவும் பொத்தானையே பாத்துக்கினு இருக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, அதுக்கு வேற வேலை இருக்கு. நீங்க அழுத்தினா ஒரு சிக்னல் போய்க் குறுக்கிடும். கைவேலைய எங்க விட்டோம்னு குறிச்சு வச்சிட்டு, கூப்பிட்டது யாருன்னு பார்த்துட்டு, விட்ட இடத்துக்கே திரும்பிடும்."

விட்ட இடத்துக்கே திரும்புவதுதான் எனக்கு அதிசயம். கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பினால், எதற்குக் கிளம்பினேன் என்பதே எனக்கு மறந்துவிடும்.

"நாலு, ஏழு, ஒன்பது" என்றார் மேடம். அதுவரை ஒவ்வொரு வரியும் அடித்து முடியும்வரை காத்திருந்தவன், பதற்றத்தில் மூன்றையும் சட்டென்று அழுத்திவிட்டேன். பிரிண்டர் கரகரவென்று நாலை அடித்தது. அடுத்து ஒன்பது. ஏழு வரவே இல்லை.

"ஏழை அழுத்துனீங்களா?"

அழுத்தினேனா? சத்தியம் பண்ண எனக்குத் துணிச்சல் வரவில்லை. பந்தயம் கட்டிய ஆபரேட்டர்தான், "அழுத்தினான் மேடம். நான் பாத்துக்கினுதான இருந்தேன்" என்று சாட்சி சொன்னார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப ஏழு எங்க போச்சு?" என்று கேட்டேன். பயத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

மேடம் பிரிண்டர் பேப்பரை இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "தப்பு என்னுது. ஒரு அழைப்பைக் கவனிக்கும்போது மெஷின் காதை மூடிக்கும். அது காதை மூடியிருக்கும்போதே ஒரு வரிய முழுசா அடிக்கச் சொல்லி எழுதிட்டேன். பிரிண்டர் மெதுவு. அதுக்குள்ள வாசல்ல ஏழு வந்து நின்னுச்சு. அங்க ஒரு நம்பருக்குத்தான் இடம். ஒன்பது வந்ததும் ஏழு அழிஞ்சிடுச்சு."

"எங்க போன்லயும் அதேதான்" என்றார் ஆபரேட்டர். "பெல்ட் நின்னுச்சுன்னு போன் வந்தா, நம்பரைக் கேட்டு போர்டுல ஒரு கோடு. டக்குனு போனை வச்சிரணும். பேசிக்கினே இருந்தா அடுத்தவன் லைன் கெடைக்காம திட்டுவான்."

"இதுவும் இனிமே அப்படித்தான். நம்பரைக் குறிச்சதும் காதைத் திறந்திடும். அச்சடிக்கிறது அப்புறம்."

மேடம் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து, மெஷினுக்குச் சொல்லியிருந்ததை மாற்றி எழுதினார்.

சாயங்காலம் அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எல்லாப் பொத்தானும் அழுந்த விரலை இழுத்துவிட்டார். பிரிண்டர் நிதானமாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடித்துக்கொண்டே போனது. ஏழும் வந்தது. அவர்கள் போன பிறகும் அந்தப் பேப்பரை எடுத்து ஏழு இருக்கிறதா என்று மறுபடி பார்த்தேன்.

மெஷின் தங்கியது, நானும் தங்கினேன். பந்தயத்தைக் கேட்டதற்கு, "சம்பளம் வரட்டும்யா, எங்க ஓடிரப் போறேன்" என்றார் ஆபரேட்டர். எத்தனையோ சம்பளம் வந்து போனது. பாக்கி இன்னும் ஐந்து ரூபாய்.