மன்னிப்புக் கேட்டே பிரபலமானவர்

தனக்கு நகைச்சுவை வரும் என்பதை அவர் கண்டுபிடித்தது ஆபீஸில் நடந்த ஒரு பிரிவு உபசார விழாவில். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிற கம்பெனி அது. மெஷின் ஒழுகுகிறது, ஓடவில்லை என்று போனில் கத்துகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்பதுதான் அவருக்கு உத்தியோகம். ஓய்வு பெறும் மேனேஜரைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்தார். வாயைத் திறந்ததுமே கூட்டம் சிரித்தது. பேசப் பேசச் சிரிப்பு கூடியதே ஒழியக் குறையவில்லை.

சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு போயிருந்தார் என்பது வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குள் வேலையை விடுவதென்று முடிவு செய்துவிட்டார். பஸ்ஸிலேயே யூடியூப் சேனலுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. ஒரு சட்டைக்காக அதையெல்லாம் மாற்ற முடியுமா என்று இன்றைக்கும் கேட்பார்.

சேனலில் மூன்றே பேர். எழுத்து, இயக்கம், கதாநாயகன் எல்லாம் அவர். பெண் வேடம் அத்தனையும் அவருடைய அக்கா. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் ரிசப்ஷனில் இருப்பவர். கேமராவுக்கு ஒரு கல்யாண போட்டோகிராபர். அவர் எடுத்த படம் எதிலும் முகம் தெளிவாக விழுந்ததில்லை என்பதால் நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஃபோகஸ்'.

ஹால்தான் ஸ்டுடியோ. தெருச் சத்தம் கேட்காமல் இருக்க ஜன்னலில் மெத்தையைச் சாத்திவைப்பார்கள். மிக்ஸி போடக்கூடாது என்று அம்மாவுக்கு உத்தரவு.

"உன் காமெடி முடியற வரைக்கும் நாங்க எல்லாம் பட்டினி கிடக்கணுமாடா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்பாள். அதுவும் வீடியோவில் பதிவாகும். வெட்டி எடுப்பார்.

எதையும் வெட்டி எடுப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். அக்காவுக்கோ ஆஸ்பத்திரியில் நோயாளிகளைச் சமாளித்துப் பழகிய வாய். வசனத்துக்கு நடுவே தானாக ஏதாவது சொல்லிவிடுவார். ஃபோகஸ் சிரித்துக் கேமராவை ஆட்டிவிடுவார். "ஸ்கிரிப்ட்ல இல்ல" என்று தம்பி அந்த இடத்தைத் தூக்கிவிடுவார். அவர் எழுதிய வசனங்கள் மட்டும் மிஞ்சும். ஒவ்வொன்றும் ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத நீளம்.

"காமெடின்னா யோசிச்சுச் சிரிக்கணும்" என்பார்.

"யோசிச்சிட்டுதான் இருக்காங்க. இன்னும் சிரிப்பு வரல" என்பார் அக்கா.

வீடியோ பார்த்தவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பாதி, தெரியாமல் விரல் பட்டவர்கள்.

அப்படி இருக்கையில் குடியிருப்பின் லிஃப்டைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ போட்டார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஏறினால் மட்டும் ஓடும் லிஃப்ட். மறுநாள் காலையில் செயலாளர் வாசலில் நின்றார்.

"மன்னிப்புக் கேட்டு வீடியோ போடுங்க. இல்லன்னா இந்தக் கட்டடத்துல இனிமே ஷூட்டிங் கிடையாது."

வேறு வழியில்லாமல் கேமரா முன்னால் சோபாவில் உட்கார்ந்தார். கிண்டல் துளியும் இல்லாமல், நிஜமான வருத்தத்தோடுதான் ஆரம்பித்தார். ஆனால் மன்னிப்பு என்றதும் வாய் பழைய வேலைக்குப் போய்விட்டது. "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம்" என்றார். அதோடு நின்றிருக்கலாம். செயலாளரின் பெயரைச் சொல்லி, "கடைசியா ஃபில்டர் எப்ப சார் மாத்துனீங்க?" என்று கேட்டு, பதிலுக்காகக் காத்திருக்கவும் செய்தார்.

ஊரே சிரித்தது. தெருவில் போனால் "மன்னிப்பு அண்ணே!" என்று கூப்பிட்டார்கள். மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதற்கு ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, உளறியதற்கு இப்படிச் சிரிக்கிறார்களே என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அதையே தொழிலாக்கிக்கொண்டார். லிஃப்டிடம் மன்னிப்பு, சோபாவிடம் மன்னிப்பு, நின்றுபோன கடிகாரத்திடம் மன்னிப்பு. ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரம் தர, மெத்தையிடமும் மன்னிப்பு.

தலைக்கனம் ஏறியது. அக்கா ஒரு நாள் லீவு போட்டு வந்து பகல் முழுக்க நடித்துக் கொடுத்தார். ஃபோகஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். வீடியோ வெளிவந்தபோது ஆஸ்பத்திரியில் டாக்டரும் நர்ஸுகளும் அக்காவைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் இருந்தது தம்பிக்கு டம்ளர் நீட்டும் ஒரு கை மட்டும்.

அக்கா போன் செய்தார். "என் கை நல்லா நடிச்சிருக்குடா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஷூட்டிங் பக்கமே வரவில்லை.

அக்கா இல்லாத வீடியோக்களில் அவர் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜனங்களுக்குச் சலித்துவிட்டது. ஃபோகஸ்கூட கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அக்கா வீட்டுக்குப் போனார்.

"அக்கா, நான் பண்ணது தப்பு. என்னை மன்னிச்சிரு."

மாமா குபீரென்று சிரித்தார். அக்கா மகள் ஓடிப்போய் போனை எடுத்துவந்து படம் பிடிக்கத் தொடங்கினாள்.

"கேமரா எங்கடா வச்சிருக்கே?" என்றார் அக்கா.

"கேமரா எல்லாம் இல்லக்கா. நிஜமாத்தான் சொல்றேன்."

"அந்த 'நிஜமாத்தான்' சொல்றப்ப மூக்கு விடைக்குது பாருங்க!" மாமாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். மன்னிப்புக்கு என்று இருந்த வார்த்தை எல்லாவற்றையும் கடிகாரத்துக்கும் மெத்தைக்கும் செலவழித்தாகிவிட்டது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். மாமாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அக்கா மகள் போனை இறக்கினாள்.

"நீ சொன்னதுதான் சிரிப்பா இருந்துச்சு. அதான் வெட்டினேன்" என்றார், தரையைப் பார்த்து.

"என்ன?"

"வயித்தெரிச்சல்க்கா."

"ஷூட்டிங்குக்கு வரேன்" என்றார் அக்கா. "ஆனா வெட்டுறப்ப பக்கத்துல நான் உக்காந்திருப்பேன்."

இப்போது சேனலே அக்காவுடையதுதான். பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனிஸ்டாக வருகிறார். வாய்க்கு வந்ததைப் பேசுகிறார். எழுத்து இன்னமும் தம்பிதான். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பார். அக்கா படித்துப் பார்த்து அதில் ஒரு வரியை எடுத்துக்கொள்வார். அந்த ஒரு வரி எது என்று தெரிந்துகொள்ளத்தான் முழுவதையும் எழுதுவதாகச் சொல்கிறார். நடிப்பும் உண்டு. வாய் நிறையப் பஞ்சு அடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேச முடியாமல் உட்கார்ந்திருக்கும் நோயாளி. இதுவரை செய்ததில் இதுதான் ஆகச் சிறந்த நடிப்பு என்கிறார் ஃபோகஸ். வசனமே இல்லாத வேடத்தைப் பாராட்டுகிறாரே என்று தம்பி சண்டைக்குப் போகவில்லை.

போன வாரம் மருந்துக்கடை வரிசையில் தம்பிக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். "நீங்க அந்த ரிசப்ஷன் அக்காகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிற பேஷன்ட்தானே? எங்க, வாயைத் திறங்க!"

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, திறந்து காட்டினார்.