முட்டையக்காவின் தொட்டி

அக்கா தினமும் குப்பியைத் தொட்டிக் குழாயில் பிடித்துப் பாதி நிரப்பி, உள்ளங்கையால் அதன் வாய்ப்பக்கக் காற்றை மூக்குக்கு ஒருமுறை வீசிக்கொள்வார். தொட்டிக்குள் நேராகத் தலையை நீட்டினால் உள்ளிருக்கும் வாயு ஆளையே சாய்த்துவிடும். ஒரு வீச்சு போதும். "உள்ள இருக்கறவங்க நல்லா இருக்காங்க" என்று சொன்ன பிறகுதான் காலைத் தேநீரைத் தொடுவார். உள்ளே இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். வீசுவது அழுகிய முட்டை நாற்றம். அதனால் முலாம் பட்டறை முழுவதற்கும் அவர் முட்டையக்கா.

பட்டறையில் தண்ணீர்க் குழாய்களுக்கு நிக்கல் முலாம் பூசுகிறார்கள். கழுவி வரும் தண்ணீர் பச்சையாக இருக்கும். பார்க்க அழகு, உள்ளே விஷம். அதை ஒரு பெரிய தொட்டியில் சேர்த்துவைத்து, அக்காவின் மூடிய தொட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவார்கள். பாக்டீரியாக்கள் அவர் ஊற்றும் வெல்லப்பாகைத் தின்றுவிட்டு ஒரு வாயுவை விடும். அதில் மாட்டிய நிக்கல் கருஞ்சேறாக அடியில் உட்கார்ந்துவிடும். தெளிந்த தண்ணீர் வால்வைத் தாண்டி வாய்க்காலுக்குப் போகும். வாய்க்கால் இரண்டு தெரு தள்ளிக் காய்கறித் தோட்டங்களுக்குள் நுழைகிறது.

பாக்டீரியாக்கள் உயிரோடு இருக்கும் அந்தச் சேற்றில் மாதம் ஒரு கேன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளியலறை மூலையில் வைப்பது அவர் வழக்கம். ஆபத்துக்கு உதவும் என்பார். கணவர் தையற்காரர், பொறுமைசாலி. அவருக்கே ஒருநாள் தாங்கவில்லை.

"வீட்டுக்குள்ள பொணத்த கிணத்த ஒளிச்சு வச்சிருக்கியா?"

"ஆமா, பக்கத்துல உங்களுக்கும் ஒரு எடம் விட்டுருக்கேன். போய்த் தைக்கிற வேலையப் பாருங்க."

போன மழைக்காலத்தில் மாமியாரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஒரே ஒரு நாள் விடுப்பு எடுத்தார். அன்று பார்த்துப் பட்டறையைப் பார்வையிட வெளியூர் விருந்தாளிகள் வந்தார்கள். நாற்றம் மானத்தை வாங்கிவிடுமே என்று மேற்பார்வையாளர் இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியில் கொட்டச் சொன்னார். மறுநாள் பட்டறையே மணத்தது. எல்லோரும் மூச்சை இழுத்து விட்டார்கள். அக்கா மட்டும் குப்பியை மறுபடியும் மறுபடியும் மூக்குக்கு வீசிப் பார்த்தார். நாற்றம் இல்லையென்றால் உள்ளே யாரும் உயிரோடு இல்லை. சோதனைத் தாளை நனைத்தார். நிக்கல் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும் தாள் அது. நல்ல ரோஜா நிறத்துக்கு வந்தது.

பச்சைத் தண்ணீர் சேரும் பெரிய தொட்டி இன்னும் பன்னிரண்டு நாள்தான் தாங்கும். பிறகு பட்டறையை மூட வேண்டும். மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார்.

"கொஞ்சம் கொஞ்சமா வாய்க்கால்ல விட்டுடலாம்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

அதோடு பேச்சு முடிந்தது. அக்கா ஸ்பேனரை எடுத்து வாய்க்கால் வால்வின் கைப்பிடியைக் கழற்றினார். சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் போட்டார். அன்றிலிருந்து பை அவர் தோளை விட்டு இறங்கவில்லை.

தொட்டியில் மிச்சமிருந்த பிளீச்சிங் பவுடரின் வீரியத்தை முறிக்க, அதற்கென்றே உள்ள ஹைப்போ உப்பைக் கரைத்து ஊற்றினார். வீட்டுக் கேனைக் கொண்டுவந்து ஒரு டிரம்மில் கவிழ்த்து, பாகு கொடுத்து, குளிர் தாக்காமல் சாக்கைச் சுற்றிக் கட்டினார். மூன்றாம் நாள் டிரம் கறுத்தது. ஐந்தாம் நாள் தொட்டிக்கு மாற்றினார். தாள் தினமும் சிவந்தது. அவர் தினமும் பாகு ஊற்றினார். "பசிச்சா எந்திரிப்பாங்க" என்பார். சொல்லும்போது குரலில் பிசிறில்லை, ஆனால் தேநீரைத் தொடவே இல்லை. போகப்போகப் பட்டறை ஆட்களுக்கும் பதற்றம் தொற்றிக்கொண்டது. இத்தனை வருடம் மூக்கைப் பொத்தியவர்கள் வாசலில் நின்று, "நாறுதாக்கா?" என்று ஏக்கத்தோடு கேட்டார்கள்.

பதினோராம் நாள் காலை. பாலிஷ் போடுகிறவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்து ஓடிவந்தார். "அக்கா! நாறுதுக்கா! சகிக்கல!"

அக்கா அழுதார். அழுதுகொண்டே குப்பியைப் பிடித்தார், தாளை நனைத்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தாள் வெள்ளையாகவே இருந்தது. கைப்பிடியைப் பையிலிருந்து எடுத்துப் பூட்டி, இரண்டு சுற்றுத் திருப்பினார். தெளிந்த தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்கியது.

"அப்பாடா. இனி அந்தக் கைப்பிடி அங்கயே இருக்கட்டும்க்கா" என்றார் மேற்பார்வையாளர்.

அன்றைய தண்ணீர் போய் முடிந்ததும் அக்கா வால்வை மூடி, ஸ்பேனரை எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினார். முந்தானையால் ஈரத்தைத் துடைத்து, மறுபடியும் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.