உம்முசல்மா வாங்கிய வால்வு

உம்முசல்மாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரர் தலை மறைந்ததும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பாள். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேதி படிப்பாள். பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் சாயப்பட்டறைக்கு அவள் பட்டு கொடுத்து வாங்கிய காலத்தில் எனக்கும் அதே மரியாதைதான். கச்சாப் பட்டை வேகவைத்தால் பசை போய் எடை குறையும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் தராசைப் பார்த்துவிட்டு, "போனது பசையாப்பா, பட்டா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அவள் பிறந்தது பட்டு நூல் வியாபாரம் செய்த வீட்டில். நெசவாளிக்கு நூலைக் கொடுக்கும்போது ஒரு எடை, புடவையாக வாங்கும்போது ஒரு எடை, மிச்ச நூலுக்கும் ஒரு எடை. மிச்சம் சரியாகத் திரும்பி வந்தால் ஆள் யோக்கியன், வராவிட்டால் திருடன். இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டே உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் அளந்து வந்தாள்.

கணவர் ஜாஃபருக்கு முட்டி தேய்ந்து ஸ்டியரிங்கை விட்ட பிறகு, வீட்டின் டீசல் பிக்கப் வண்டி அவள் பொறுப்புக்கு வந்தது. நூல் மூட்டை, தறிக்கட்டை, கல்யாணப் பாத்திரம், தென்னேரிப் பக்கத்து நெல் என்று அதற்கு எப்போதும் வேலை உண்டு. முதலில் அதை ஓட்டியவன் சுபியான், அவள் தங்கை கௌசரின் மகன். வண்டி அளவுக்கு மீறி டீசல் குடிக்கத் தொடங்கியதும், சுபியான்தான் உறிஞ்சி விற்கிறான் என்று முடிவு கட்டினாள். கௌசர் வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்திவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது. திருட்டுப் பட்டம் சுமப்பவனுக்கு யார் வண்டி கொடுப்பார்கள்? சுபியான் இப்போது ஒரு ஜவுளிக்கடையில் மூட்டை கட்டுகிறான்.

அடுத்து வந்தவன் இம்ரான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், வாயில்லாப் பூச்சி. டீசல் டேங்க் மூடிக்குப் பூட்டு போட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள் உம்முசல்மா. வண்டியைத் தன் ஜன்னலுக்கு நேராக நிறுத்தச் சொன்னாள். அப்படியும் டீசல் இறங்கியது. வேறு யாராக இருந்தாலும் வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். இம்ரான் கள்ளச்சாவி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள் இவள்.

இம்ரானே ஒருநாள் வெங்கடேசனிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினான். வெங்கடேசன் ரயில்வே ரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். அவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு உம்முசல்மாவை வரச் சொன்னார். சாட்சிக்கு என்று அவள் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"சூட்டு முள்ளு பாரும்மா, அடியிலயே கிடக்குது. இன்ஜின் சூடே ஏற மாட்டேங்குது. சூடு ஏறுற வரைக்கும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைச்சி வைக்கிறது தெர்மோஸ்டாட் வால்வுதான். அது திறந்த வாக்குல நின்னுட்ச்சின்னு நினைக்கிறேன். இன்ஜின் ஜில்லுனு ஓடினா டீசல் குடிக்கத்தாம்மா செய்யும். கழட்டிப் பாத்து மாத்திடலாம்."

"கழட்றதுக்கு முன்னாடி புதுசு என் கையில இருக்கணும்" என்றாள் உம்முசல்மா. "தொறந்து போட்டுட்டு அது இல்ல, இது இல்லன்னு நீ ஆட்டம் காட்டுவ. வால்வ நானே வாங்கியாரேன். பழசையும் என் கையில குடுத்துடணும்."

பிறகு இம்ரான் பக்கம் திரும்பினாள். "புது வால்வு போட்டும் டீசல் இறங்குச்சுன்னா நீதான் திருடன். உம் மாமனார் வீட்டு வாசல்லயே வச்சிக் கேப்பேன்."

இம்ரானின் மானம் உள்ளங்கை அகல வால்வில் தொங்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வால்வு வாங்கக் கடை கடையாக ஏறினோம். ஒரு கடைக்காரர் பளபளக்கும் பெட்டியை எடுத்து வைத்து, ஒரிஜினல் என்றார். உம்முசல்மா பெட்டியை முகர்ந்தாள். "அசலுக்கு எதுக்கு இவ்ளோ ஜிகினா?" என்றாள். இன்னொருவர் மலிவாக ஒன்று காட்டினார். ஏன் இவ்வளவு மலிவு என்று அதற்கும் சந்தேகம். வெங்கடேசன் சொல்லி அனுப்பிய கடையில் வெறும் அட்டை உறையில் ஒன்று இருந்தது. அவருக்கும் கடைக்கும் ஏதோ உள்வேலை இருக்கும் என்றாள். எந்தக் கடையிலும் நிம்மதி கிடைக்கவில்லை. கடைசியில் பிடிக்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சண்டை போட்டு மூன்றையும் வாங்கி வந்தாள். மூன்றின் விளிம்பிலும் எண்பத்திரண்டு என்று பொறித்திருந்தது. அந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்று அர்த்தம்.

"எழுதுறது யார் வேணாலும் எழுதலாம்பா. உன் அண்டாவுல போட்டுப் பாத்துடுவோம்" என்றாள் என்னிடம்.

பட்டு வேகும் அண்டாவில் வண்டிச் சாமானைப் போடுவதா என்று எனக்குக் கோபம். ஆனால் அவளிடம் கத்தி ஜெயித்தவர் இல்லை. சோப்புத் தண்ணீரைக் கொட்டி, அண்டாவைக் கழுவி, நல்ல தண்ணீர் ஊற்றி அடுப்பை மூட்டினேன். மூன்றுக்கும் மூன்று நிறத்தில் பட்டு நூல் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டாள். பட்டறையின் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டேன். அதை ஒருமுறை தன் அக்குளில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே விட அனுமதித்தாள்.

மலிவு வால்வு, தண்ணீர் குளிக்கும் பதத்துக்கு வந்தபோதே வாயைத் திறந்துகொண்டது. சிவப்பு நூல் கட்டிய வால்வு எண்பத்திரண்டைத் தாண்டும்போது மெல்ல நகர்ந்து, சூடு ஏற ஏற நன்றாகத் திறந்தது. பளபளப் பெட்டியில் வந்த வால்வு, தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அசையவே இல்லை. அதை மாட்டியிருந்தால் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜின் வெந்திருக்கும்.

சிவப்பு நூல், வெங்கடேசன் சொன்ன கடையில் வாங்கியது. அவர் சொன்னதே சரியாகப் போனதில் உம்முசல்மாவுக்கு அப்பட்டமான வருத்தம். "ஒரு தடவ சரியா சொல்லிட்டா நம்பிடறதா?" என்று முணுமுணுத்தாள். வழியில் யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அந்த நூலை அவிழ்க்காமலே கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை பட்டறையில் வெங்கடேசன் தண்ணீரை வடித்துவிட்டு, வால்வு உட்காரும் மூடியின் போல்டுகளைக் கழற்றினார். உம்முசல்மா பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றாள், பழசை வாங்கிக்கொள்ள. மூடி பெயர்ந்து வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்கடா வால்வு?" என்று இம்ரான் மேல் பாய்ந்தாள். "வித்துட்டியா?"

"அல்லா மேல சத்தியமா நான் தொடலம்மா. உள்ள அப்படி ஒண்ணு இருக்கும்னே எனக்குத் தெரியாது."

வெங்கடேசன் மூடியை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "அந்தாளத் திட்டாதம்மா. வால்வு ரப்பர் உக்கார்ற எடத்துல பாரு, துரு கட்டிப் பொருக்காயிருக்குது. இத்த எடுத்து ரொம்ப நாள் ஆயிருக்கும். இம்ரான் வர்றதுக்கு முன்னாடியே. வண்டி கொதிச்சி நின்னா ரோட்டோர ஆளுங்க சில பேரு இத்தத் தூக்கிட்டு மூடிடுவாங்க. அப்பத்திக்கு வண்டி ஓடும். அப்பறம் டீசலக் குடிக்கும்."

உம்முசல்மாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

வாலாஜாபாத் ரோட்டில் வண்டி கொதித்து நின்ற கதையை எங்கள் தெருவில் கேட்காதவர் கிடையாது, அத்தனை முறை சொல்லியிருக்கிறாள். அன்று அவளும் வண்டியில் இருந்தாள். ஓட்டியவன் சுபியான். முன்பின் தெரியாத ஒரு மெக்கானிக் வந்து ஒரு சாமானைக் கழற்றி, "புதுசு எதுவும் வாங்க வேணாம்மா, இது இல்லாமயே ஓடும்" என்று அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். எடுத்தது கைக்குத் திரும்பி வந்துவிட்டது, வேறு எதையும் அவள் தலையில் கட்டவில்லை. அவள் கணக்கில் அதைவிட யோக்கியன் ஏது? புதுசு போட வேண்டாமா காலா என்று சுபியான் கேட்டபோது, "கமிஷன் போச்சேன்னு வயித்தெரிச்சலா?" என்று அடக்கியிருக்கிறாள். பெரியம்மாவை அவர்கள் காலா என்றுதான் கூப்பிடுவார்கள். துரு மண்டி உருத் தெரியாமல் இருந்த அந்தச் சாமானைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். ஊரில் ஒருத்தரையும் நம்பாதவள் வாழ்நாளில் நம்பியது அந்த ஒருவனைத்தான்.

அவள் சிவப்பு நூலை அவிழ்த்து வால்வை வெங்கடேசனிடம் கொடுத்தாள். அவர் மாட்டி முடித்து, தண்ணீர் ஊற்றி, ஓட்டிப் பார்க்கச் சொன்னார். இம்ரான் ஓட்டினான், நாங்கள் இருவரும் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டோம். கொஞ்ச தூரத்தில் முள் அடியிலிருந்து கிளம்பி நடுவுக்கு வந்து நின்றது.

"இம்ரானு, உன்ன ரொம்பப் பேசிட்டேன். மனசுல வச்சிக்காத. வண்டிய கௌசர் வூட்டுக்கு வுடு" என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

கதவைத் திறந்த கௌசர் நிலைப்படியை விட்டு நகரவில்லை. உம்முசல்மா உருதுவில் தணிந்த குரலில் ஏதோ ஆரம்பித்தாள். கௌசர் கையைக் காட்டி அக்காவை நிறுத்தினாள்.

"தெருவுல நின்னு தமிழ்லதானே திருடன்னு கத்தின, ஆப்பா? நாலு பேரு கேட்டாங்க. இதையும் தமிழ்லயே சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்."

உம்முசல்மா தெருவுக்கு இறங்கினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அக்கம்பக்கத்து வாசல்கள் திறக்கும்படி உரக்கச் சொன்னாள். "சுபியான் டீசல் திருடல. வண்டியில வால்வு இல்ல. அது இல்லாமயே ஓட்டச் சொன்னவ நான்தான். அவன் மேல பழி போட்டதும் நான்தான்." சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

சுபியான் உள்ளேயிருந்து வந்தான். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. அவன் கையைப் பிடித்து அதில் வண்டிச் சாவியை வைக்கப் பார்த்தாள் அவள். "வந்துடுடா கண்ணு. இம்ரானுக்கு நான் வேற எடம் பாத்துத் தர்றேன்."

சுபியான் சாவியை அவள் கையிலேயே வைத்து மூடினான்.

"வேணாம் காலா. இன்னிக்கு வால்வு. நாளைக்கு வேற எதாவது கெட்டுப்போவும். அன்னிக்கு நான் அங்க இருக்கக் கூடாது."